அச்சகம் நடத்திய ஊருக்கு ஒரு சர்வர் நடத்தத் தெரியாதா?

‘மொழியியல் படித்தவனுக்குச் சர்வர் எதற்கு? ஒலிப்பதிவுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஆய்வேட்டை எழுது’ என்று அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் அறிவுரை சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். ஆயினும் கோலார் தங்கவயல் தமிழைப் பற்றி ஆய்வு செய்யும் எவரும் இந்த அறிவுரையை ஏற்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. அன்று நின்றபடியே சொல்ல முடியாத விடையை இங்கே எழுதுகிறேன்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்று ஓய்வு வயதை எட்டியிருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த பிறகு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய மக்களின் தமிழ், தெலுங்கோடும் கன்னடத்தோடும் சுரங்க ஆங்கிலத்தோடும் நூறாண்டுக்கு மேல் உறவாடி உருவானது. ஷாஃப்ட்டும் கேஜும் ஸ்கிப்பும் லைனும் அங்கே தமிழ்ச் சொற்களாகவே வேற்றுமை உருபேற்கின்றன. இந்தத் தமிழைத் தொழிலோடு சேர்த்துப் பேசியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஆகவே பதிவு செய்வது அவசரம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பதிவு செய்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை.

நடப்பது பெரும்பாலும் இதுதான். திட்டத்திற்கு நிதி வரும். ஒப்பந்தத்தில் ஒரு நிரலாளர் வருவார். வெளியீட்டு விழாவில் பொத்தானை அழுத்தி இணையதளம் தொடங்கிவைக்கப்படும். நிதிக்காலம் முடிந்ததும் நிரலாளர் போய்விடுவார். நான் அறிந்த ஒரு பேச்சுவழக்குத் தளம், திட்ட அறிக்கை அச்சேறிய பின் ‘502’ என்ற பிழையெண்ணை மட்டும் காட்டிக்கொண்டு பல மாதங்கள் கிடந்தது. 502 என்றால் வாசலில் நிற்கும் வலைவழங்கி உயிரோடு இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டிய செயலியிடமிருந்து முறையான விடை வரவில்லை என்று பொருள். அந்தச் செயலியை மீண்டும் எழுப்ப வேண்டும் என்பதை அறிந்தவர் அத்துறையில் ஒருவரும் இல்லை. ஒலிப்பதிவுகள் அழியவில்லை, ஆனால் எவராலும் கேட்க முடியவில்லை. பேசிக் கொடுத்த முதியவரின் பேரனுக்கு இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு?

‘தொழில்நுட்பம் நம் வேலை அன்று’ என்பவர்களுக்குத் தங்கவயலின் வரலாற்றிலிருந்தே விடை சொல்லலாம். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது அதைத் தாங்கியவர்களில் தங்கவயல் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இயங்கின. 1914இல் அவர் மறைந்த பிறகு, 1920களில் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டது. நிலத்தடியில் பாறை உடைத்த சமூகம், தன் கருத்தை அச்சிட்டுத் தரும்படி கம்பெனித் துரையிடம் விண்ணப்பம் போடவில்லை. எழுத்துக் கோப்பதும் அச்சுக்கூலியும் அஞ்சலும் தன் பொறுப்பென்றே கொண்டது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட முடிந்ததற்குக் காரணம், இதழ்களை அச்சிட்டும் போற்றியும் வைத்திருந்த அந்த மரபுதான். இன்று அச்சகத்தின் இடத்தில் இருப்பது சர்வர். அதைக் கண்டு மட்டும் நாம் ஏன் பின்வாங்குகிறோம்?

பின்வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் ‘அது மிகச் சிக்கலானது’ என்பது. ஒரு தளத்தை நாம் கட்டும் முறைதான் அதைச் சிக்கலாக்குகிறது. மொழிபெயர்ப்பி ஒன்று, நீட்சிகள் இருபது, தனியாக ஓடும் தரவுத்தளம், இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதிப்பில் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனை. இவற்றுள் ஒன்று புதுப்பிக்கப்பட்டால் இன்னொன்று உடையும். தொகுக்கப்பட்ட செயலி இப்படிப்பட்டதன்று. கோ மொழியில் எழுதிய நிரலைத் தொகுப்பி ஒரே இயங்குகோப்பாக்கித் தருகிறது. 2021இல் வந்த 1.16ஆம் பதிப்பு முதல் பக்க வார்ப்புருக்களையும் எழுத்துருக்களையும் அக்கோப்பின் உள்ளேயே பொதிந்துவிடலாம். விண்டோஸ் மடிக்கணினியில் அமர்ந்து லினக்ஸ் சர்வருக்கான கோப்பை உருவாக்கலாம். சர்வரில் கோ மொழியை நிறுவ வேண்டிய தேவைகூட இல்லை. அந்த ஒரு கோப்பை அனுப்பினால் போதும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. எஸ்க்யூலைட் தரவுத்தளத்திற்குப் பலரும் பயன்படுத்தும் நூலகம் சி மொழியைச் சார்ந்தது. புதிய கணினியில் அதைச் சேர்த்துத் தொகுத்துப் பழைய சர்வரில் வைத்தால் ‘ஜிலிப்சி பதிப்பு இல்லை’ என்று செயலி தொடங்கவே மறுக்கும். முழுக்கக் கோ மொழியிலேயே எழுதப்பட்ட நூலகத்தைத் தேர்ந்துகொண்டு, சி இணைப்பை அணைத்துத் தொகுத்தால் இத்தொல்லை இல்லை.

அந்தச் செயலி 127.0.0.1:8080 என்ற உள்முகவரியில் மட்டும் செவிமடுக்கட்டும். வெளியுலகுக்கு முன்னே நிற்க வேண்டியது என்ஜின்எக்ஸ் போன்ற வலைவழங்கி. பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டுவதும், ஒலிக்கோப்புகளைச் செயலிக்குச் சுமையின்றித் தானே நேரடியாகக் கொடுப்பதும், தேடல் வினவல்களை மட்டும் உள்ளே அனுப்புவதும் அதன் வேலை. செயலி விழுந்தால் தானே எழுப்பிவிடும் பொறுப்பை சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கச் சில வரிகள் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாளுக்குச் செல்லும் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அதைத் தானாகப் புதுப்பிக்க ஒரு முறை ஏற்பாடு செய்தால் போதும். இவ்வளவுதான் வாசல் அமைப்பு. ஒரு பருவத்தில் ஒலிப்பியல் கற்கிற மாணவருக்கு இது எட்டாத அறிவா?

‘சரி, பொறியாளரிடம் கொடுத்துவிடலாமே’ என்பது அடுத்த வாதம். கொடுக்கலாம், ஆனால் கட்டும் இடத்தில் மொழியியலாளர் அமராவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘கோலார்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. யூனிகோடு குறியெண்கள் ஆறு. கோ மொழியில் நீளம் கேட்டால் பைட் கணக்கில் 18 என்று வரும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அவ்விரண்டையும் முன்னரே ஒருமைப்படுத்தாவிட்டால் தேடல் பாதியை மறைத்துவிடும். குறியெண் வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. அகர வரிசை தெரியாத சொல்லடைவைப் பள்ளி மாணவர்கூட ஏற்கமாட்டார். என்ஜின்எக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 1 எம்.பி.க்கு மேற்பட்ட பதிவேற்றத்தை ஏற்காது. ஒரு மூதாட்டியின் அரைமணி நேரப் பேச்சை ஏற்ற முயலும் களப்பணியாளருக்கு ‘413’ என்ற பிழை வரும். அவர் தம்மிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். இவை ஒவ்வொன்றும் ஒரு வரியில் தீர்வதோ சில வரிகளில் தீர்வதோதான். ஆனால் தீர்க்க வேண்டும் என்று கேட்க, தமிழும் களமும் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் இலவசத் தளங்கள். யாஹூ தன் ஜியோசிட்டீஸை 2009இல் மூடியது. ஹெரோக்கு தன் இலவசச் சேவையை 2022இல் நிறுத்தியது. நிறுவனங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவை வணிகம் செய்கின்றன. ஒரு படியை அங்கே வைப்பதும் நல்லதே. ஆனால் படி வேறு, மூலம் வேறு. மேலும், நம்மிடம் பேசியவர்கள் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வீட்டுத் துயரத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். ‘என் பேச்சை எடுத்துவிடு தம்பி’ என்று ஒருவர் நாளை கேட்டால், அன்றே எடுத்துவிட நம்மால் முடிய வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் அது முடியும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுச் சாவியை அயலாரிடம் கொடுப்பது ஆய்வறம் ஆகாது.

என் தரப்பின் வலுவற்ற இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இயங்குகோப்பை மட்டும் கொடுத்து மூலநிரலைக் கொடுக்காமல் போனால், நானும் அந்த ஒப்பந்த நிரலாளர் செய்ததையே செய்தவனாவேன். தொகுக்கப்பட்ட கோப்பைத் திறந்து திருத்த முடியாது. ஆகவே மூலநிரலும், தொகுக்கும் கட்டளைகளும், சர்வரில் வைக்கும் படிகளும் தமிழில் எழுதப்பட்டு உடன் போக வேண்டும். தரவுத்தளக் கோப்பும் ஒலிக்கோப்புறையும் செயலியிலிருந்து தனியே இருந்து, வேறோர் இடத்திற்கு வாரந்தோறும் படியெடுக்கப்பட வேண்டும். தேடலே தேவையில்லாத சிறு தொகுப்பென்றால் செயலியே வேண்டாம். வெறும் நிலையான பக்கங்கள் போதும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் படிக்கக் கிடைப்பதில் அவற்றின் எளிமைக்கும் பங்குண்டு.

‘பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்ற கேள்வி எஞ்சுகிறது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் ஏறிப் பாருங்கள். சுரங்கம் மூடிய ஊரின் பிள்ளைகள் நாள்தோறும் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். மென்பொருள் கட்டுவதையும் சர்வரில் வைப்பதையும் தொழிலாகவே செய்பவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். ஊரின் கைத்திறன் அடுத்தவர் கணக்கில் வரவு வைக்கப்படுவது தங்கவயலுக்குப் புதிதன்று. தம் பாட்டனின் குரலுக்காக மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி அவர்களை நாம் இதுவரை கேட்டதே இல்லை.

ஆகவே வேண்டுகோள் மூன்று. பேச்சுவழக்கு ஆவணத் திட்டம் எழுதும் ஒவ்வொருவரும், நிதி முடிந்த பிறகு டொமைன் கட்டணத்தை யார் கட்டுவார், சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மொழியியல் துறைகள், களப்பணித் தாளோடு ஒரு செயலியைக் கட்டி வலைவழங்கிக்குப் பின்னால் நிறுத்தும் பயிற்சியையும் சேருங்கள். தங்கவயலைப் பதிவு செய்த ஆய்வாளர்கள், நான் உட்பட, பதிவுகளின் ஒரு முழுப் படியை அவ்வூராரிடமே ஒப்படையுங்கள்.

பேராசிரியருக்கு என் விடை இதுதான் ஐயா. ஆய்வேட்டை எழுதத்தான் போகிறேன். ஆனால் அதன் பின்னிணைப்பில் உள்ள முகவரியைத் தட்டினால் சாம்பியன் ரீஃபின் குரல் கேட்க வேண்டும். என் வாய்மொழித் தேர்வு முடிந்து பத்தாண்டு கழித்தும் கேட்க வேண்டும்.