வள்ளியம்மா பேரன் என்றால் கசக்கிறதா?

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது, உளுந்தூர்பேட்டையில் நான் போன கல்யாணத்தில் எல்லாம் அந்தப் பாட்டுதான். ஊர்த்தெரு, சேரி என்று பாராமல் ஆடினோம். அதன் வரிகளை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய அறிவு அதே ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லை.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா, ராப், ராக் எல்லாம் கலந்து ஒலித்த அந்தக் குரல், 2024இல் தனி ஆல்பமாக வந்தது. பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி.

எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்று என்னோடு ஆடிய ஊர்த்தெரு நண்பனுக்கும் அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கு மச்சான், ஆனா எப்பப் பாத்தாலும் சாதியவே பேசுறாப்ல" என்றான்.

எஞ்சாமியும் நிலமற்றவர்களின் கதைதானே! அன்று ஆடினோம், கேட்கவில்லை. தோழர்களே, இந்த ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். தான் யாருடைய பேரன் என்று ஒருவர் சொன்னதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள்.