தேன் இல்லாத மாதங்கள்

வீட்டுத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “எப்போது தேன் எடுக்கலாம்?” என்பதுதான். மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பவர் அபூர்வம். மார்த்தாண்டம் பக்கம் இலையுதிர்த்த ரப்பர் மரம் தை, மாசியில் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியிலேயே மது சுரக்கும். பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம், தேன் அறை நிறைந்துவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அந்த வரவு நின்றுபோகும். அப்போது மூடியைத் திறந்து பாருங்கள். சட்டங்கள் கனமில்லாமல் இருக்கும், ராணி முட்டையிடுவதைக் குறைத்திருக்கும், ஈ மொய்க்காத ஓர அடையில் மெழுகுப் பூச்சியின் புழு வெள்ளை நூலிழைத்துச் சுரங்கம் போட்டிருக்கும். அந்த அடையை உடனே எடுத்துவிட வேண்டும். சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துச் சிரட்டையில் ஊற்றி, ஈக்கள் மூழ்காதபடி இரண்டு குச்சியைப் போட்டு, அந்தி சாய்ந்தபின் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும். நம் நாட்டுத் தேனீ பட்டினியை வெகுநாள் பொறுக்காது, கூட்டத்தோடு கிளம்பிவிடும். அடியறைத் தேனையும் வழித்தெடுத்துவிட்டு “ஈ ஓடிப்போச்சு” என்று அதன்மேல் பழி போடுவது அநியாயம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. எஞ்சியவற்றிலிருந்து மீண்டு வந்த இனம் இது. பெட்டி விற்கிறவர்கள் தேன் பிழியக் கற்றுக்கொடுக்குமுன் ஆடி மாதத்துச் சிரட்டையைக் கற்றுக்கொடுக்கட்டும்.