கர்ப்பத்துக்கு முன்பே சத்து மாத்திரை வழங்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்டச் சுகாதார அதிகாரி, கோம்பாக் மாவட்டச் சுகாதார அலுவலகம், சிலாங்கூர்.
நகல்: சிலாங்கூர் மாநிலச் சுகாதார இலாகா, தேசியப் பதிவு இலாகா.
அனுப்புநர்: மாதர் சங்கச் செயற்குழு, ரவாங்.
பொருள்: ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து மாத்திரைகளைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கிடைக்கச் செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ரவாங், குவாங், பத்து ஆராங் வட்டாரத் தாய்மார்கள் சார்பில் இம்மனுவை முன்வைக்கிறோம். அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் தவறாமல் வழங்கப்படுகின்றன. பிங்க் நிறத் தாய்நலப் புத்தகத்தில் ஒவ்வொரு வருகையிலும் ஹீமோகுளோபின் அளவைக் குறித்து, குறைந்தால் வீடு வரை தேடி வரும் தாதியரின் உழைப்பை நன்றியுடன் பதிவு செய்கிறோம். மாத்திரை கிடைக்கவில்லை என்பது எங்கள் குறை அல்ல. அது கைக்கு வரும் நாள் மிகவும் தாமதம் என்பதே எங்கள் முறையீடு.

குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாள்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் முதுகுத்தண்டுப் பிளவோடும், சில வேளைகளில் மூளையே வளராமலும் குழந்தை பிறக்கிறது. அந்த 28ஆம் நாளில் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். சந்தேகம் வந்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, வேலையிடத்தில் விடுப்பு கேட்டு, கிளினிக்கில் பெயர் பதிவதற்குள் எட்டு, பத்து வாரம் ஓடிவிடுகிறது. அன்று கொடுக்கும் ஃபோலிக் அமிலம் தாயின் இரத்த உற்பத்திக்கு உதவும். நரம்புக் குழாய்க்கு உதவாது. 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு ஏழு நாடுகளில் நடந்தது. ஏற்கெனவே இந்த நரம்புக் குழாய்க் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் அக்குறை மீண்டும் வருவதை ஃபோலிக் அமிலம் 72 விழுக்காடு குறைத்ததை அந்த ஆய்வு காட்டியது. ஹங்கேரியில் நடந்து மறு ஆண்டு வெளியான ஆய்வில், 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொண்ட சத்து மாத்திரை எடுத்த 2,104 பெண்களின் கர்ப்பங்களில் ஒன்றில்கூட இக்குறை இல்லை. அந்தச் சத்து சேராத மாத்திரை எடுத்த 2,052 பேரில் ஆறு பேருக்கு இருந்தது. இரண்டு ஆய்வுகளிலும் மாத்திரை தொடங்கியது கரு உருவாகும் முன்பு. அறிவியல் பயன் கண்ட காலத்தை விட்டுவிட்டு, பயன் குறைந்த காலத்தில் நாம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இரும்புச்சத்தின் கதையும் இதுவே. ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. சேமிப்பு காலியாக இருக்கும் உடம்போடு கர்ப்பத்துக்குள் நுழையும் பெண் கடைசிவரை துரத்திப் பிடிக்கத்தான் பார்க்கிறாள். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் இரத்தம் குறைந்த தாய்க்குத் தாங்கும் சக்தி இல்லை. குழந்தை எடை குறைந்து பிறக்கும் அபாயமும் கூடுகிறது. கர்ப்ப காலத்தில் தினமும் இரும்புச்சத்து எடுத்தால் பிரசவ நேர இரத்தசோகை 70 விழுக்காடு குறைவதைக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு உறுதி செய்துள்ளது. இரத்தசோகை 20 விழுக்காட்டை எட்டிய இடங்களில் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொடுக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் அளவு அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது.

உணவிலேயே எல்லாம் கிடைக்குமே என்று கேட்கலாம். முருங்கைக்கீரையும் பருப்பும் நம் வீடுகளில் உண்டு. அவற்றை நாங்களும் வலியுறுத்துகிறோம். ஆனால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேர்வதில்லை. சாப்பாட்டோடு தே தாரேக் குடித்தால் அது இன்னும் குறைகிறது. உணவுக்குறையால் வரும் கர்ப்பகால இரத்தசோகையை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றால், அதாவது இன்றும் நம் கடைகளில் கிடைக்கும் மார்மைட்டால், அதைக் குணப்படுத்தினார். பின்னாளில் ஃபோலேட் என்று அறியப்பட்ட சத்துக்கு வழிகாட்டியது அந்த ஆய்வுதான். நல்ல உணவு கிடைக்காத உழைக்கும் பெண்ணுக்குச் சத்தைத் தனியாகக் கொடுப்பது அன்றே தேவைப்பட்டது.

கொடுத்தாலும் பெண்கள் விழுங்குவதில்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், குமட்டலும் மலச்சிக்கலும் வருகின்றன, மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துவோரும் உண்டு. கறுப்பு இயல்பானது, தேநீருக்கு முன்பின் இடைவெளி விட வேண்டும், கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும் என்று தாய்மொழியில் ஒருமுறை நிதானமாகச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். வாரம் ஒரு மாத்திரை என்றால் தொல்லை இன்னும் குறைவு.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பி12 குறைந்த பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் அக்குறை வெளியே தெரியாமல் மறைக்கப்படலாம். புனே ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் கூடியும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் காணப்பட்டது. மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று அதே 2019 தேசிய உடல்நல ஆய்வு சொல்லும்போது, இதை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரையை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. சைவ உணவுக்காரர்களுக்குப் பி12 பரிசோதனையைச் சேர்ப்பதே சரி. தலசீமியா உள்ளவர்களுக்கும் அப்படியே: ஃபெரிட்டின் பார்த்து இரும்பின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை செய்யும் சுகாதார அமைச்சுக்கு, கர்ப்பத்துக்குப் பல ஆண்டு முன்பே ஒரு பெண்ணைச் சென்றடையும் வழி தெரியாதது அல்ல. விலையுயர்ந்த பலசத்து மாத்திரைகளை எல்லாருக்கும் இன்றே கேட்கவில்லை. எடை குறைந்த பிறப்புகளை அவை 12 விழுக்காடு குறைத்ததை 20 ஆய்வுகளின் தொகுப்பு காட்டினாலும், அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நம்மைவிட ஏழ்மையான நாடுகளில் நடந்தவை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டுவன இவை. முஸ்லிம் அல்லாதவர் திருமணம் பதிவாகும் முன் விண்ணப்பம் 21 நாள் அறிவிப்பில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைப் பெறும் தேசியப் பதிவு இலாகா முகப்பிடத்திலேயே, தமிழிலும் எழுதிய விளக்கத் தாளோடு, ஃபோலிக் அமிலம் பெறுவதற்கான சீட்டு ஒன்றை மணப்பெண்ணிடம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு வாராந்தர மாத்திரை வேலையிடத்திலேயே கிடைக்கட்டும். நீரிழிவோ, முன்பு நரம்புக் குழாய்க் குறையோடு பிறந்த குழந்தையோ உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் அளவை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இரண்டாம், மூன்றாம் குழந்தைக்குத் தயாராகும் தாயைக் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே கேட்டுவிடலாம். குடியுரிமை ஆவணம் இல்லாத தாய்மாரும் எங்களிடையே இருக்கிறார்கள். வெளிநாட்டவர் கட்டணத்துக்கு அஞ்சி அவர்கள் கிளினிக் வாசலுக்கே வருவதில்லை. இந்த இரண்டு மாத்திரைகளையாவது அவர்களுக்குக் கட்டணமின்றித் தரும்படி மன்றாடுகிறோம்.

விளக்கத் தாளைத் தமிழில் எழுதித் தரவும், கோயில்களிலும் தாமான்களிலும் கொண்டு சேர்க்கவும் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி முன்வருகிறார்கள். முதற்கட்டமாக ரவாங்கில் இதைத் தொடங்க ஆவன செய்து, எங்களை நேரில் அழைத்துப் பேசும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவின் சார்பில்,
தலைவி, செயலாளர்