மிஸ்ஸியின் துண்டுச்சீட்டு

அம்மாவுக்கு இனிப்பு நீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். போன வாரம் மிஸ்ஸி, அதாவது தாதி, இரத்த அழுத்தம் பார்த்தார். 148க்கு 86. கணினி இருப்பதோ அறையின் அந்தக் கோடியில். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் கிறுக்கிக்கொண்டார். அதற்குள் அடுத்த பாட்டி கையை நீட்டியாயிற்று. ஐந்து பேர் முடிந்த பிறகுதான் சீட்டு கணினிப் பக்கம் போனது. பெயர்கூட இல்லை, வரிசை எண் மட்டும். எண் மாறிப்போனால் யாருடைய அழுத்தம் யாருக்கு ஏறுமோ!

பத்துமலைக்குப் பக்கத்திலேயே, 1999இல், காகிதமில்லா மருத்துவமனை என்று செலாயாங் திறக்கப்பட்டது. மல்டிமீடியா பெருவழி பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலம். கால் நூற்றாண்டு தாண்டியும் துண்டுச்சீட்டு சாகவில்லை. அதை ஒழிக்கத்தான் மென்பொருள் செய்கிறவர்கள் துடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், செய்யும் முன் அதை வாங்கிப் படிக்க வேண்டும். கை எங்கே இருக்கிறது, கணினி எங்கே இருக்கிறது, இடையில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

டாக்டர் நல்ல பிள்ளைதான். திரையைப் பார்த்தபடியே, "கால் மரத்துப் போகுதா ஆன்ட்டி?" என்றார். அம்மா தலையாட்டினார். நான்தான், "ஆமாங்க டாக்டர்" என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளியோடு நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போகிறது என்று அமெரிக்க மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் கணக்குக் காட்டியது. நோயாளியின் பிரச்சினைகளை வைத்தே பதிவேட்டை அடுக்க வேண்டும் என்று லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 1968இலேயே எழுதினார். இன்றைய திரைகள் பலவும் தேதியை வைத்துத்தான் அடுக்குகின்றன.

போன வருஷத்துச் சர்க்கரை அளவைத் தேடி டாக்டர் ஒவ்வொரு தேதியாகத் திறந்தார், மூடினார், திறந்தார். அம்மா பேசாமல் கைப்பையைத் திறந்து, மூலை மடங்கிய பச்சைப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார். இரண்டு வருஷத்து எண்கள் ஒரே பக்கத்தில், ஏறியதும் இறங்கியதுமாக. டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"தீபாவளி மாசத்துல ஏறியிருக்கே, ஆன்ட்டி?"

அம்மா சிரித்துவிட்டார்.