விற்பது கேழ்வரகு, வாங்குவது மைதா

சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் நமது கண்ணில் படும் வீட்டுக் கணக்கு ஒன்றுண்டு. கேழ்வரகும் எள்ளும் நிலக்கடலையும் விளைவிக்கும் உறுப்பினர் அவற்றை மூட்டையோடு விற்றுவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்கு மைதா பிஸ்கட் பொட்டலம் வாங்கிச் செல்கிறார். நெசவாளர் இல்லங்களிலும் இதுவே வழக்கம். காலை முதல் அந்தி வரை குழித்தறியில் அமர்ந்திருப்பவருக்கும், அருகிலிருந்து தார் சுற்றும் பெண்டிருக்கும் மலச்சிக்கல் பழகிப்போன துன்பம். அதனை வெளியே சொல்ல நாணுகிறார்களேயன்றி, தாம் உண்ணும் பண்டத்தை ஐயுறுவதில்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் அது 3 கிராமுக்கும் குறைவு. முழுப் பச்சைப்பயற்றில் 17 கிராம். தோலை நீக்கிப் பருப்பாக்கினாலோ 9 கிராம் அளவே. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கின்றனர் வல்லுநர். ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்று பொட்டலத்தின்மேல் அச்சிட, 100 கிராமில் 6 கிராம் இருந்தால் போதும் என்பது நம் நாட்டு விதி. கேழ்வரகு மாவிலோ அதனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உண்டு.

வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சிமிலியை நாம் பெரிதும் விரும்புகிறோம். கேழ்வரகு மாவு 200 கிராம் எடுத்து, சிறிது உப்பிட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் அடையாகத் தட்டிச் சுட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். மாவைச் சலித்துத் தவிட்டை எறிந்துவிடலாகாது. நாம் நாடும் பொருளே அதில்தான் இருக்கிறது. அடையைப் பிய்த்து, வறுத்த நிலக்கடலை 100 கிராம், எள் 50 கிராம், வெல்லம் 100 கிராம் சேர்த்து உரலிலிட்டு இடித்தால், கடலையின் எண்ணெயும் வெல்லமும் கூடித் தாமே பிடிப்புத் தரும். பதினைந்து உருண்டைகள் பிடிக்கலாம். உருண்டை ஒன்றுக்கு இரண்டரை கிராம் நார்ச்சத்துக்குக் குறைவிராது. ஈரப்பசை உள்ளதாதலின் மறுநாளைக்குள் உண்டு தீர்ப்பது நலம். அடுப்பே மூட்டாமல் செய்யவேண்டுமாயின், சிவப்பு அவலை நனைத்துத் தேங்காய்த் துருவலும் வெல்லமும் கலந்தால் முடிந்தது.

சில எச்சரிக்கைகள். பூஞ்சை படிந்த, சுருங்கிய கடலையைத் தயவின்றி விலக்குக. அதில் நச்சு இருக்கக்கூடும். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுத்தல் ஆகாது. வெல்லமும் சர்க்கரையின் உறவினரே என்பதை நீரிழிவுடையோர் மறவாதிருக்கவேண்டும். அவர்களுக்கு வெல்லமின்றி, அவித்த பயறே தக்கது. நார்ச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் தாராளமாக அருந்துக. தறியை விட்டு எழ மனமின்றித் தாகத்தை அடக்கும் பழக்கம் நெசவாளரிடம் உண்டு. தண்ணீரின்றி நார் மட்டும் சேர்ந்தால் வயிறு மேலும் இறுகும்.

இடிப்பதற்கு நேரமேது என்று தாய்மார் கேட்பது நியாயமே. பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் சமையலும் அவர்கள் தலையிலேயே விழும்போது, உலக்கையையும் அவர்களிடமே நீட்டுவது நமக்கு உடன்பாடன்று. வீட்டு ஆடவர் இடிக்கட்டும். நான்கைந்து குடும்பங்கள் கூடி வாரம் ஒருமுறை முறைவைத்தும் செய்யலாம். கூட்டுறவு என்பதை நூல் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அண்மையில் ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் தேநீரோடு பிஸ்கட் வழங்கினார்கள். எள்ளுருண்டை ஏன் இல்லை என்று வினவினோம். கடைப் பட்டியல் இல்லாவிடில் தணிக்கையில் ஆட்சேபணை வருமே என்றார் செயலாளர். செய்து தந்த உறுப்பினரிடம் எடையும் விலையும் குறித்துக் கையொப்பமிட்ட சீட்டு ஒன்று பெற்றுக் கோப்பில் வைத்தால் எம்மிடமிருந்து ஆட்சேபணை வராது என்று கூறி வந்திருக்கிறோம். அடுத்த கூட்டத்திற்கு 200 உருண்டைகள் என்று குறித்துக்கொண்டிருக்கிறார்.