ஆலை இல்லை என்பதற்காகப் படிப்பும் வேண்டாமா?

"சிப் செய்யும் ஆலை இல்லாத நாட்டில், அதிலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு, புரொசெசர் வடிவமைக்கப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்து என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். வலைத்தளம் செய்யப் படி, அதுதான் சோறு போடும் என்பார்கள். அக்கறையோடு சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொல்லும் காரணங்கள் எதுவும் நிற்காது.

ஆலையிலிருந்தே தொடங்குகிறேன். கைபேசிகளில் ஓடும் புரொசெசர்களில் மிகப் பெரும்பாலானவை ஆர்ம் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த ஆர்ம் நிறுவனத்துக்குச் சொந்த ஆலை கிடையாது. அந்தக் குடும்பத்தின் முதற் சிப் 1985இல் இயங்கியது. இங்கிலாந்தின் ஏகோர்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் ஒரு சிறு குழுவோடு அதை வடிவமைத்தார்கள். அதன் அறிவுறுத்தல்கள் சரியாக வேலைசெய்கின்றனவா என்று வில்சன் முதலில் சோதித்தது பேசிக் மொழியில் எழுதிய ஒரு நிரலில். சிப்பை உற்பத்தி செய்து கொடுத்தது வேறொரு நிறுவனம்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் சென்னை இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய 'சக்தி' புரொசெசர், புளூஸ்பெக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதப்பட்டது. 2018இல் அது அமெரிக்காவில் இன்டெலின் 22 நனோமீற்றர் ஆலையில் சிப்பாகி வந்தது. சண்டிகர் ஆலையில் 180 நனோமீற்றரிலும் அதைச் செய்தார்கள். வடிவம் கையில் இருந்ததால்தான் ஆலையைத் தேடிப் போக முடிந்தது. அதன் மூலநிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம். வந்தாறுமூலையில் இருப்பவருக்கும் அதற்குத் தடையில்லை.

அடுத்தது செலவு. வடிவமைத்த சுற்றை ஏற்றி இயக்கிப் பார்க்கும் எஃப்.பி.ஜி.ஏ. பலகையின் விலை நம் வீடுகளுக்குப் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் படிக்கத் தொடங்க அது தேவையில்லை. வெரிலொக்கும் புளூஸ்பெக் போல ஒரு வன்பொருள் விவரிப்பு மொழிதான். அதில் எழுதியதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஐகாரஸ் வெரிலொக், அலைவடிவம் காட்டும் ஜி.ரி.கே.வேவ் ஆகிய மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பழைய மடிகணினியிலும் ஓடும். எழுதிய சுற்று ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் என்ன செய்கிறது என்பதைத் திரையில் அலைவடிவமாகவே பார்க்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் மாணவர்கள் எட்டு பிட் புரொசெசர் ஒன்றைப் பாடத்தின் பகுதியாகவே வெரிலொக்கில் எழுதுகிறார்கள். புரொசெசர் எந்தக் கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்று வகுக்கும் ரிஸ்க்-ஃபைவ் அறிவுறுத்தல் தொகுதிக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதன் 32 பிட் அடிப்படைத் தொகுதியில் இருப்பவை 40 அறிவுறுத்தல்கள் மட்டுமே.

"சீ, பைதன் தெரிந்தவனுக்கு வெரிலொக் இன்னொரு மொழி, ஒரு கிழமையில் பிடித்துவிடலாம்" என்பது மூன்றாவது வாதம். படித்தவர்களே சொல்வதால் எல்லாவற்றிலும் கெடுதலானது இதுதான். சீயில் இரண்டு மாறிகளின் பெறுமானங்களை இடம் மாற்ற வழக்கமாக மூன்றாவது மாறி ஒன்று வேண்டும், வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால். வெரிலொக்கில் கடிகாரத் துடிப்பின் விளிம்பில் 'அ-வுக்கு ஆ, ஆ-வுக்கு அ' என்று உரிய குறியோடு இரண்டு வரி எழுதினால் இரண்டு பதிவகங்களும் ஒரே கணத்தில் மாறிக்கொள்ளும். அந்தக் குறிக்குப் பதிலாகச் சீயில் பழகிய சமன் குறியைப் போட்டால் இரண்டிலும் ஒரே பெறுமானம்தான் நிற்கும். கடிகாரத்தைச் சாராத சுற்றில் நிபந்தனை ஒன்றுக்கு 'இல்லாவிட்டால்' பகுதியை எழுத மறந்தால், யாரும் கேட்காத நினைவகம் ஒன்று சுற்றுக்குள் முளைத்துவிடும். 32 பிட் கூட்டியில் கொண்டுபோகும் இலக்கம் முதலிடத்திலிருந்து கடைசி இடம்வரை நடந்து சேர எடுக்கும் நேரம், முழுப் புரொசெசரின் வேகத்தையே கட்டிப்போடலாம். நினைவகத்திலிருந்து எடுக்கும் பெறுமானம் வந்து சேருமுன் அடுத்த அறிவுறுத்தல் அதைக் கேட்டால் என்ன செய்வது? இப்படிப்பட்ட கேள்விகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிள்ளை பிறகு எழுதும் பைதனும் வேறு மாதிரி இருக்கும். தான் எழுதும் வரி உள்ளே எங்கே போகிறது என்று அதற்குத் தெரியும்.

"தமிழில் படித்த பிள்ளைகளுக்கு இது ஏறாது" என்பதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தர்க்கப் படலைகள், பூலியன் அட்சரகணிதம், கார்னோ வரைபடம், அரைக்கூட்டி, முழுக்கூட்டி எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் தமிழிலேயே படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். முழுக்கூட்டியைத் தாளில் வரையத் தெரிந்தவருக்கு அதையே வெரிலொக்கில் எழுதச் சில வரிகள் போதும். 1936இல் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்து விஞ்ஞானம் படித்த விபுலாநந்த அடிகள். அவர் பிறந்த பிரதேசத்தில் இந்த வாதம் எடுபடக்கூடாது.

வேலை? மட்டக்களப்பு நகரில் இன்று இத்துறையில் வேலை தேடுவது கடினம், உண்மைதான். ஆனால் சிப் வடிவமைப்பு மென்பொருளுக்குப் பேர்போன சினொப்சிஸ் நிறுவனம் கொழும்பில் அலுவலகம் நடத்துகிறது. வடிவமைப்பை வீட்டிலிருந்தும் செய்யலாம். செயற்கை நுண்ணறிவே வெரிலொக் எழுதித் தந்துவிடும் என்போருக்கு ஒரு வார்த்தை: அது எழுதித் தந்ததில் பிழை எங்கே என்று பார்க்கவும் படித்தவர்தான் வேண்டும்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் நம் பிள்ளைகள் நீண்ட காலம் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் எட்டு பிட் புரொசெசர் ஒன்றை எழுதி முடித்துவிடலாம். கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களையும் மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா வலயங்களின் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பாடசாலைக் கணினி அறையைச் சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள், முழுக்கூட்டியிலிருந்து தொடங்கிக் கொடுங்கள்.