பனிக்கடலும் சுதேசிக் கப்பலும்

நெருப்பை நம்பிப் பிழைக்கும் சிவகாசிக்கும், பருப்பும் மிளகாயும் வியாபாரம் செய்யும் விருதுநகருக்கும், உலகத்தின் தென்கோடியிலுள்ள பனிக்கடலைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். கவலைப்படக் காரணம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

2023-24ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் அண்டார்க்டிகாவுக்குச் சென்றார்கள். அவர்களில் பலரைச் சுமந்து செல்லும் சிறு கப்பல்களின் வாழ்க்கை விசித்திரமானது. நடுக்கோடையில் நள்ளிரவிலும் முழு இருள் கவிவதில்லை. அலை எழும்போது உண்கலம் மேஜையில் நிற்பதில்லை. ஓரிடத்தில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கலாகாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஒருவரையும் இறக்கலாகாது. அந்நிய வித்து ஒட்டிவராதபடி ஒவ்வொருவரும் பாதரக்ஷையைக் கழுவிக்கொள்ள வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவே அபாயம் அகலவில்லை. 2007 நவம்பரில் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறு கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கிற்று. அதிலிருந்த 154 பேரும் படகுகளில் மணிக்கணக்காக நடுங்கியிருந்து, நார்வே தேசத்துக் கப்பலொன்றால் காப்பாற்றப்பட்டனர்.

செல்வர் வேடிக்கை பார்க்கச் செல்லும் அதே கடலுக்கு, நமது விஞ்ஞானிகள் அறிவைத் தேடிச் சென்றனர். 1981 டிசம்பர் 6ஆம் தேதி, டாக்டர் காசிம் தலைமையில் 21 இந்தியர் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9ஆம் தேதி பனிக்கண்டத்தில் அடிவைத்தனர். 77 நாள் பிரயாணம். அதன் பயனாக 'தக்ஷிண கங்கோத்ரி'யும், 1989இல் 'மைத்ரி'யும், 2012இல் 'பாரதி'யும் எழுந்தன. தேசம் பெருமை கொள்ளத்தக்க காரியமே. ஆனால் அவர்களைச் சுமந்து சென்ற 'போலார் சர்க்கிள்' எவருடையது? நார்வேக்காரருடையது, வாடகைக்கு எடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்பும் நமது யாத்திரைக்கு அந்நியர் கப்பலையே வாடகைக்குப் பேசி வந்தோம்.

வருஷத்தில் சில மாதமே வேண்டிய கப்பலுக்கு வாடகையே லாபம் என்பாருளர். தென்துருவத்தில் கோடை முடியும்போது வடதுருவத்தில் கோடை தொடங்குகிறது என்பதை அவர்கள் மறந்தனர். அங்கே 2008 முதல் நமக்கு 'ஹிமாத்ரி' நிலையம் உண்டு. சொந்தக் கப்பல் இரு துருவத்துக்கும் உழைக்கும். வாடகைக் கப்பலோ, உடையவன் குறிக்கும் தேதிக்குப் புறப்பட்டு, அவன் குறிக்கும் தேதிக்குத் திரும்பும். விஞ்ஞானியின் வேலை முடிந்ததா என்று அது கேட்காது.

2025 ஜூனில், கல்கத்தாவிலுள்ள கார்டன் ரீச் கப்பல் தளம் நார்வேயின் காங்ஸ்பெர்க் கம்பெனியுடன், துருவ ஆராய்ச்சிக் கப்பலொன்றை இந்தியாவிலேயே கட்டுவதற்கான ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. வரவேற்கிறோம். எனினும் கையெழுத்து கடலில் மிதக்காது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

இவ்விஷயத்தில் நம் ஜில்லா கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். அவர்கள் சரக்கை வாங்கி வந்து விற்றிருந்தால் இரண்டு கடைகள் உண்டாகியிருக்கும். தொழிலைக் கற்று வந்தபடியால் சிவகாசி உண்டாயிற்று. அண்டையிலுள்ள தூத்துக்குடியில், 1906இல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். அன்று அந்நிய ஆட்சி வழிமறித்தது. 1908இல் அவரைச் சிறையிலிட்டது. இன்று வழிமறிப்பவர் யார்?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இரண்டு. கப்பல் முடியும் தேதியை ஜனங்களுக்கு அறிவியுங்கள். கப்பலின் எஃகை மட்டுமன்றி, பனியினூடே கப்பல் செலுத்தும் வித்தையையும் நம் மாலுமிகள் கற்க இப்பொழுதே ஏற்பாடு செய்யுங்கள். கப்பல் நமதாகி, அதைச் செலுத்தும் கை அந்நியருடையதாக இருக்குமானால், வாடகை வேறு பெயரில் தொடரும்.